பெண்கல்விக்குத் தம் வாழ்வை ஈந்த பேகம் ரொக்கையா அம்மையார்

நம் சமுதாயத்தில் பெண்கல்வியின் வரலாற்றைப் பேசப் புகுவோர் எவரும் தவிர்க்க இயலாத பெயர் ஒன்று உண்டு. வங்காளத்தில் பிறந்து, வங்காளத்தில் வாழ்ந்து, அங்கேயே மறைந்த பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையாரின் பெயரே அது. நம் ஊர்களில் ருகையா என்று நாம் பெண்மக்களுக்குச் சூட்டி மகிழும் பெயரைத்தான் வங்காளத்தார் தம் ஒலிக்கேற்ப ரொக்கையா என வழங்குகின்றனர். பங்களாதேஷ் நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 9ஆம் நாளை அன்னாரின் பெயரால் கொண்டாடுகின்றனர். டாக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவியர் விடுதியும், ரங்பூரில் ஒரு பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும் தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நம்மிடையே அவரை அறிந்தவர் மிகச் சிலரே. இத்தனைக்கும் அவரது புகழ்பெற்ற படைப்பு முதன்முதலில் அச்சேறியது நம் சென்னை மாநகரில்தான். அவர் தம் பள்ளிக்கு ஆசிரியைகளைத் தேடியபோது நாடிய ஊர்களுள் நம் சென்னையும் ஒன்று. ஆகவே அவரது வரலாற்றை நம் ஜமாஅத்தாரும், குறிப்பாகப் பெண்மக்களைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரை வரையப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

ரொக்கையா 1880ஆம் ஆண்டில், அன்றைய வங்காளத்தின் ரங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைராபந்த் எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெரும் நிலக்கிழார்; பல மொழி அறிந்தவர். ஆண்மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பெண்மக்களுக்கோ குர்ஆன் ஓதக் கற்பிப்பதும் சிறிது உர்தூ பயிற்றுவிப்பதுமே போதும் என்பது அன்றைய உயர்குடி வழக்கம். வங்காளமொழி தம் சுற்றுப்புறத்து மக்கள் யாவரும் பேசும் மொழியாக இருந்தும், அதனைப் பெண்கள் கற்பது இழுக்கு எனக் கருதப்பட்டது. ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அவ்வீட்டில் கோஷா முறை எத்துணைக் கடுமையாக இருந்தது என்பதை ரொக்கையா பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, அயலாரான பெண்கள் வீட்டிற்கு வந்தாலும் அவர்கள் கண்ணில் படாமல் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. விருந்தினர் தங்கியிருந்த நாட்களில் பரணிலும் கதவு மறைவிலும் பதுங்கி, நேரத்திற்கு உணவின்றி அக்குழந்தை துன்புற்றது.

அவருடைய தமக்கையார் கரீமுன்னிஸா வாசிப்பில் பேரார்வம் கொண்டவர். வங்காள நூலொன்றைப் படிக்கையில் பிடிபட்ட அவரது படிப்பு அத்துடன் நிறுத்தப்பட்டது. பதினைந்து வயது நிறையுமுன் திருமணமும் முடிக்கப்பட்டது. எனினும் அந்தத் தமக்கையார்தாம் தங்கைக்கு வங்காளம் கற்பித்தார். மூத்த சகோதரர் இப்ராஹீம் ஸாபிர், இரவில் வீட்டார் அனைவரும் உறங்கிய பின், விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலம் பயிற்றுவித்தார். ஒரு வீட்டுக்குள் அண்ணன் தங்கைக்குக் கல்வி அளிப்பதும் மறைவாகச் செய்ய வேண்டிய செயலாக இருந்த காலம் அது. பிற்காலத்தில் ரொக்கையா தம் நாவலை இந்தச் சகோதரருக்கே காணிக்கையாக்கினார்.

இல்லறமும் எழுத்தும்

1890களின் பிற்பகுதியில் ரொக்கையாவுக்குப் பீகாரின் பாகல்பூரைச் சேர்ந்த சையித் சகாவத் ஹுசைனுடன் நிக்காஹ் நடைபெற்றது. அவர் மனைவியை இழந்தவர். வயதில் மிகவும் மூத்தவர். அரசுப் பணியில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். உர்தூ பேசும் குடும்பத்தினராயினும் மனைவியின் வங்காள எழுத்தை அவர் தடுத்தாரில்லை. ஆங்கிலத்தில் மேலும் தேர்ச்சி பெறவும் ஊக்கமளித்தார். ஒரு பெண்ணின் கல்விக்கு ஆண்மக்கள் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதற்கு இப்ராஹீமும் சகாவத்தும் நமக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆவர். இத்தம்பதியருக்குப் பிறந்த பெண்குழந்தைகள் இருவரும் சிசுப் பருவத்திலேயே இறந்தனர்.

கணவர் அலுவல் பயணமாக வெளியூர் சென்றிருந்த ஒரு சமயத்தில், பொழுதுபோக்காக ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்றவாறே அதனைப் படித்து முடித்து, ஆண்கள்மீது நன்றாகவே பழிதீர்த்துவிட்டாய் என்ற பொருள்பட வியந்தாராம். சுல்தானாவின் கனவு எனும் அக்கதை 1905ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த இந்தியன் லேடீஸ் மேகஸின் எனும் இதழில் வெளியாயிற்று. 1908இல் கல்கத்தாவில் நூலாகவும் வந்தது.

அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கின்றனர். பெண்கள் நாட்டை ஆளுகின்றனர். அந்நாட்டுப் பெண்களின் பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்திலிருந்து நீரை நேரே இறக்கிக்கொள்ளவும், மற்றொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமித்து வைக்கவும் கருவிகளைக் கண்டறிகின்றன. பகைவர் படையெடுத்து வந்து, ஆண்களின் படை தோற்ற நிலையில், மாணவியர் அச்சேமித்த வெப்பத்தைப் பகைவர்மீது பாய்ச்சி நாட்டைக் காக்கின்றனர். சூரிய ஆற்றலைப் பற்றி இன்று நாம் பேசுவதை நூறாண்டுகளுக்கு முன்னரே, பள்ளி வாசலை மிதித்தறியாத ஒரு பெண்மணி எண்ணிப் பார்த்தார் என்பது வியப்புக்குரியது.

வங்காளத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் மோதிசூர் எனும் தலைப்பில் நூலாயின. சமுதாயம் ஒரு வண்டியாயின் ஆணும் பெண்ணும் அதன் இரு சக்கரங்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பின் வண்டி முன்னேறாது, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும் என்பது அவர் கருத்து. வாரிசுரிமையில் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் எனச் சட்டம் கூறுவதைச் சுட்டிக்காட்டி, அவர் ஒரு கணக்குக் கேட்டார். மகனுக்கு நான்கு ஆசிரியர்களை அமர்த்தும் தந்தை மகளுக்கு இருவரையேனும் அமர்த்துகிறாரா? மகனின் படிப்புக்குச் செலவிடுவதில் பாதியையேனும் மகளுக்குச் செலவிடுகிறாரா? மார்க்கம் வழங்கிய பங்கையே முழுமையாகக் கொடாதவர், மார்க்கத்தின் பெயரால் பெண்ணைத் தடுப்பது முறையாகுமா? இக்கேள்வி இன்றும் நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

ஐந்து மாணவியருடன் தொடங்கிய பள்ளி

1909 மே மாதத்தில் சகாவத் ஹுசைன் காலமானார். பெண்களுக்கு ஒரு பள்ளி அமைக்க வேண்டும் என்பதற்காக அவர் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்திருந்தார். அன்றைய மதிப்பில் அது பெருந்தொகை. இத்தாவை முடித்த விதவைப் பெண்மணி அப்பணத்தை வேறு எதற்கும் தொடாமல், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே பாகல்பூரில் கணவரின் நினைவாகப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்த மாணவியர் ஐவர் மட்டுமே. ஆனால் கணவரின் முதல் மனைவியுடைய மகள் தரப்பாருடன் சொத்து குறித்து எழுந்த பூசலால் அவரால் பாகல்பூரில் நிலைத்திருக்க இயலவில்லை. ஊரையும் வீட்டையும் விட்டுக் கல்கத்தா சென்று, 1911 மார்ச் 16ஆம் நாள், வலியுல்லாஹ் சந்தில் ஒரு வாடகை வீட்டில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார்.

தாம் பள்ளியில் படித்தறியாதவராதலால், ஒரே வேளையில் பல பிள்ளைகளுக்கு ஒருவர் எவ்வாறு பாடம் நடத்துவது என்பதே தொடக்கத்தில் அவருக்கு விளங்கவில்லை. அதற்காக வெட்கப்படாமல் கல்கத்தாவின் பிரம்ம சமாஜப் பெண்கள் பள்ளிகளுக்கும் இந்துப் பெண்கள் பள்ளிகளுக்கும் சென்று, வகுப்பு நடக்கும் முறையையும் நிர்வாகத்தையும் பார்த்துக் கற்றுக்கொண்டார். முஸ்லிம் ஆசிரியைகள் கல்கத்தாவில் கிடைக்காததால் சென்னை, கயா, ஆக்ரா முதலிய ஊர்களிலிருந்து வரவழைத்தார். பிற்பாடு கல்கத்தாவிலேயே முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றை அரசு அமைப்பதற்கும் அவரது முயற்சி காரணமாயிற்று.

பள்ளியில் குர்ஆன் ஓதுதலும் அதன் பொருளும், உர்தூ, பார்சி, வங்காளம், ஆங்கிலம், கணிதம் ஆகியவையும், அவற்றுடன் முதலுதவி, நோயாளர் பராமரிப்பு, சமையல், தையல், உடற்பயிற்சி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. மாணவியரைச் சேர்ப்பதற்காக ரொக்கையா புர்கா அணிந்து வீடு வீடாகச் சென்றார். கட்டணம் கேட்டாரில்லை, பிள்ளையை அனுப்பினால் போதும் என்று பெற்றோரிடம் மன்றாடினார். எட்டுப் பேராக இருந்த மாணவியர் 1915ஆம் ஆண்டளவில் 84 பேராயினர். 1930ஐ ஒட்டி அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. இடையில் பள்ளிப் பணத்தை இட்டு வைத்திருந்த வங்கி முறிந்துபோன துயரமும் நேர்ந்தது. அவர் தளரவில்லை, கையேந்தி நிதி திரட்டிப் பள்ளியை நடத்தினார்.

வண்டியின் திரையும் வந்த கடிதங்களும்

அவர் பட்ட பாட்டுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம். கோஷாவைப் பேணும் பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கென ஒரு மோட்டார் வண்டி ஏற்பாடு செய்யப்பட்டது. வெளியிலிருந்து ஒருவரும் பார்க்க இயலாதவாறு அது நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. முதல் நாளிலேயே, காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த இருட்டறையில் சிறுமியர் அஞ்சி அழுதனர்; சிலர் வாந்தியெடுத்து மயங்கினர். அடைப்பை நீக்கி, அவ்விடத்தில் துணித் திரை தொங்கவிடப்பட்டது. உடனே கண்டனக் கடிதங்கள் வந்தன. திரை காற்றில் அசைகிறது, பிள்ளைகள் வெளியே தெரிகின்றனர், இதனை மாற்றாவிடில் பள்ளியைப் பற்றி ஏடுகளில் எழுதுவோம் என்று, மார்க்கச் சகோதரர் எனத் தம்மைக் குறித்துக்கொண்டவர்கள் எச்சரித்தனர். அடைத்தால் பிள்ளைகள் மயங்குகின்றனர். திறந்தால் ஊரார் சீறுகின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவில் அப்பள்ளியை அவர் ஏறத்தாழ இருபத்தோராண்டுகள் கல்கத்தாவில் நடத்தினார்.

இந்நிகழ்ச்சியை அவர் அவரோத்பாசினி எனும் தம் நூலின் இறுதியில் பதிவு செய்துள்ளார். 1931இல் வெளிவந்த அந்நூல், அளவு கடந்த அடைப்பினால் பெண்களுக்கு நேர்ந்த 47 உண்மைச் சம்பவங்களின் தொகுப்பாகும். அவற்றுள் ஒன்று அவருடைய கணவர் வழி உறவினரான ஒரு மூதாட்டியைப் பற்றியது. கியூல் சந்திப்பு நிலையத்தில் ரயில் மாறுகையில், அம்மூதாட்டி தம் புர்காவில் கால் சிக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். அயல் ஆண்கள் தொட்டுத் தூக்கக் கூடாது எனப் பணிப்பெண் தடுத்தாள். அவளால் தனியே தூக்கவும் இயலவில்லை. ரயில் நகர்ந்து அவர்மீது ஏறியது. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. உயிர் காப்பதற்காகத் தொடுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதைச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லாமற் போயினர். அறியாமை மார்க்கத்தின் ஆடையை உடுத்திக்கொள்ளும்போது விளையும் கேடு இது என்பதை அவர் உணர்த்தினார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ரொக்கையா அம்மையார் பர்தாவை எதிர்த்தவர் அல்லர். தாமும் புர்கா அணிந்தே பணியாற்றினார். நாணமும் ஒழுக்கமும் காக்கும் ஆடையை ஆதரித்துத் தனிக் கட்டுரையே எழுதியுள்ளார். உடலை மறைப்பது வேறு, அறிவை அடைத்துப் பூட்டுவது வேறு என்பதே அவர் வகுத்த எல்லை. திருமறையின் முதல் கட்டளை ஓதுவதைப் பற்றியது என்றிருக்க, ஓதத் தெரியாத தாய்மாரை உருவாக்குவது எவ்விதம் மார்க்கப் பணியாகும் என்று அவர் வினவினார். எனினும் அவரது தொடக்கக் காலக் கட்டுரைகளில் சில வாசகங்கள் மிகக் கடுமையானவை என்று கண்டனம் எழுந்ததும், நூலாக்கும்போது அவற்றை அவர் நீக்கியதும் வரலாற்றில் உள்ளவையே.

ஏழைப் பெண்களுக்கான அஞ்சுமன்

பள்ளிப் பணியோடு அவர் நின்றுவிடவில்லை. 1916இல் அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் எனும் முஸ்லிம் பெண்கள் சங்கத்தை நிறுவினார். ஆதரவற்ற விதவையருக்கு உதவித்தொகை, கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்களுக்குப் புகலிடம், ஏழைக் குமருகளின் திருமண உதவி, சேரிப்பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவு ஆகியவை அச்சங்கத்தின் பணிகளாக இருந்தன. 1924இல் வெளிவந்த பத்மராக் எனும் நாவலிலும் பல சமயத்துப் பெண்கள் ஒரே கூரையின்கீழ்த் தங்கித் தொழில் கற்றுத் தம் காலில் நிற்கும் ஓர் இல்லத்தைப் படைத்துக் காட்டினார். 1926இல் வங்காளப் பெண்கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் சிறப்பும் அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்ந்த காலத்தில் நாடெங்கும் பெண்கள் விழித்தெழுந்து கொண்டிருந்தனர். போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம் 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். நம் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கித் தீர்மானித்தது. வங்காளம் 1925இல் அதனைப் பின்பற்றியது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமேலவையில் இடம்பெற்றார். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் அம்மையார், மூன்றாம் வகுப்பளவே படித்தவராயினும், 1938இல் காதலா கடமையா எனும் நாவலை வெளியிட்டார். தனித்தனி ஊர்களில் வாழ்ந்த இப்பெண்மணிகள் ஒரே பாதையைச் செப்பனிட்டவர்கள் ஆவர்.

இறுதி நாள்

1932 டிசம்பர் 9ஆம் நாள் அதிகாலையில், ஐம்பத்திரண்டாம் வயதில், ரொக்கையா அம்மையார் கல்கத்தாவில் இறையடி சேர்ந்தார். முந்திய இரவு வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். மேசைமீது முடிவுறாத ஒரு கட்டுரை கிடந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் தலைப்பு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சோதேபூரில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் எட்டு மாணவியருடன் தொடங்கிய பள்ளி பின்னர் அரசுப் பள்ளியாகி நிலைபெற்றது.

நாம் பெறும் படிப்பினை

அக்கட்டுரை முடிவுறாமல் நின்றது போலவே அப்பணியும் இன்னும் முடியவில்லை. நம் நாட்டில் மாற்றங்கள் பல நேர்ந்துள்ளன. 1955இல் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையினர் சென்னையில் பெண்கள் கல்லூரியைத் தொடங்கினர். நம் வடசென்னைப் பெண்களுக்கென 1964இல் பாரதி மகளிர் கல்லூரி வந்தது. 1989இல் ஜஸ்டிஸ் பாத்திமா பீவி அம்மையார் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997இல் நம் மாநில ஆளுநராகவும் வந்தார். 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. கல்லூரியும் உண்டு, செல்ல வழியும் உண்டு.

ஆயினும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புடன் வீட்டில் நிறுத்தப்படுவது முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் தகப்பன், ஆட்டோ ஓட்டும் தகப்பன், மகனின் படிப்புக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மகளின் படிப்பென்றால் கைக்கூலிக்குச் சேர்க்க வேண்டுமே எனக் கணக்குப் பார்க்கிறார். தூரம், துணை, ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ரொக்கையா அம்மையாரின் வண்டித் திரையைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களுக்கும் இக்காரணங்களுக்கும் வேறுபாடு பெரிதில்லை.

ஒரு மஹல்லாவின் ஜமாஅத்தால் இயலும் காரியங்கள் பல உள்ளன. நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பம் பெறுமுன், மணப்பெண்ணின் சம்மதத்தை அவளிடமே கேட்டு உறுதிசெய்யலாம். மஹர் எழுத்தில் மட்டும் நில்லாது கையில் சேர்ந்ததா என விசாரிக்கலாம். கைக்கூலி வாங்கும் திருமணங்களுக்கு முன்னிற்பதில்லை என நிர்வாகிகள் தமக்குள் முடிவு செய்யலாம். படிப்பை நிறுத்திய பெண்பிள்ளையின் வீட்டிற்கு இருவர் சென்று, காரணம் கேட்டு, கட்டணமோ வழித்துணையோ எது தடையெனினும் அதனை நீக்க முனையலாம். தலாக், ஜீவனாம்சம், சொத்துப் பங்கு ஆகிய வழக்குகள் ஜமாஅத்தின் முன் வரும்போது, ஆண் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், அப்பெண்ணையும் அமர வைத்து அவள் வாயால் கேட்கலாம். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை.

கையில் பத்தாயிரம் ரூபாயும் நெஞ்சில் உறுதியும் மட்டுமே கொண்ட ஒரு விதவை, ஐந்து பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார். நம் ஜமாஅத்தில் ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்பு நின்றுவிடாமல் காத்தாலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் நிறைவேறும். வல்ல அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக. நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதனைத் தடையின்றிப் பெற உதவும் நல்ல மனத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.